உள்ளங்கால் மெலனோமாவுக்கு ட்ரையல் தேடுகிறவர்களுக்கு: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனின் குறிப்புகள்

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரின்ட்-அவுட், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று வருகிறவர்களின் தாள்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். மருத்துவம் படித்தவன் இல்லை. காசிமேட்டில் மீன் விற்கும் என் அக்காவுக்கு உள்ளங்காலில் மெலனோமா, அதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் என்று தெரிந்ததும், குடும்பத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் நான்தான் என்பதால், கிளினிக்கல் ட்ரையல் (மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும் ஆராய்ச்சி) தேடும் வேலை என்னிடம் வந்தது. எந்த மருந்து நல்லது என்று இங்கே சொல்லப் போவதில்லை, அதை ஆன்காலஜிஸ்ட் (கேன்சர் டாக்டர்) சொல்லட்டும். ட்ரையலை எங்கே தேடுவது, கண்ணில் பட்டதை எப்படிப் படிப்பது, கையெழுத்து போடும் முன் என்ன கேட்பது, இது மட்டும்தான்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா வைத்தியமும் பார்த்து முடித்த பிறகு கடைசியாகப் போகிற இடம் ட்ரையல் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. அந்தக் கடைசி நேரத்தில் பாதிக் கதவு சாத்தியிருக்கும். 'இதற்கு முன் இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்து) எடுத்திருக்கக் கூடாது', 'ஒரு வகை மருந்துக்கு மேல் எடுத்திருக்கக் கூடாது' என்று நிபந்தனை போடும் ட்ரையல்கள் நிறைய. அதனால் தேட வேண்டிய நேரம், முதல் மருந்து ஏறுவதற்கு முன்னால். அப்புறம் ஒவ்வொரு முறை மருந்தை மாற்றப் போகிறார்கள் என்று தெரியும்போதும். "இந்த மருந்தை ஆரம்பித்தால் பிறகு எந்த ட்ரையலிலாவது சேர முடியாமல் போகுமா சார்?" என்று டாக்டரிடம் கேட்கத் தயங்காதீர்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எந்த மெலனோமா என்பதில் தெளிவாக இருங்கள்

மெலனோமா என்றாலே வெள்ளைக்காரர்களுக்கு வெயிலில் வரும் தோல் புற்றுநோய் என்றுதான் பேச்சு. நான் சொல்வது அது இல்லை. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வருவதற்கு ஏக்ரல் மெலனோமா என்று பெயர். இதற்கு வெயில் காரணம் இல்லை. உலகக் கணக்கில் மெலனோமாக்களுக்குள் இது சிறு பங்குதான். ஆனால் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வரும் குறைவான மெலனோமாக்களில் கணிசமானவை இந்த வகை. 'நாம கறுப்பு, நமக்கெல்லாம் தோல் கேன்சர் வராது' என்பது இந்த ஒன்றுக்குப் பொருந்தாது.

இதைக் கால் ஆணி, நகச்சுத்து, மரு, சர்க்கரைப் புண் என்று நினைத்து விட்டுவிடுவது சகஜம். அக்கா காலம் முழுக்க ஐஸ் தண்ணியில் நின்றவள், குதிகாலில் கறுத்ததும் கால் ஆணி என்றுதான் நினைத்தாள். ஒரு கிளினிக்கில் பிளேடால் சீவியும் விட்டார்கள். சீவியதைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. பாதத்தில் ஓரம் கோணலாகப் பரவும் கறுப்பு, நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு, அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலுக்கு வருவது, வாரக்கணக்கில் ஆறாத புண் என்று எதைப் பார்த்தாலும் சுடவோ வெட்டவோ விடாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். எங்கள் பக்கத்துக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி கிட்ட இருக்கிறது.

கண்ணுக்குள் வருவது, மூக்கு, வாய், மலக்குடல் உள்சவ்வில் வருவது என்று வேறு அரிய மெலனோமாக்களும் உண்டு. ட்ரையல் தேடும்போது இவை தனித்தனி. டெபென்டஃபஸ்ப் என்ற மருந்துக்கு 2022-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது கண் மெலனோமாவுக்கு, அதிலும் ஒரு குறிப்பிட்ட எச்எல்ஏ வகை (ரத்தப் பரிசோதனையில் தெரியும் திசு வகை) உள்ளவர்களுக்கு. 'மெலனோமாவுக்குப் புது மருந்து' என்று வாட்ஸ்அப்பில் வந்தால், எந்த மெலனோமாவுக்கு என்று முதலில் பாருங்கள்.

ஃபைல்

இந்தப் பகுதி கொஞ்சம் நீளம். என் தொழில் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரையல் நடத்தும் டாக்டர் நோயாளியைப் பார்க்கும் முன்னால் பார்ப்பது தாள்களைத்தான்.

பயாப்சி ரிப்போர்ட்டில் மெலனோமா என்று மட்டும் இருந்தால் போதாது. எந்த வகை, மில்லிமீட்டரில் எவ்வளவு ஆழம் (பிரெஸ்லோ என்று போட்டிருப்பார்கள்), மேலே புண்ணாகியிருக்கிறதா, வெட்டிய ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்பதெல்லாம் வேண்டும். இல்லாவிட்டால் பெத்தாலஜி துறையில் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, தொடை இடுக்கில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் எத்தனை எடுத்தார்கள், எத்தனையில் நோய் இருந்தது என்ற ரிப்போர்ட். ஸ்கேனுக்கு ரிப்போர்ட் தாளோடு சிடியும் வேண்டும், ஏனென்றால் அவர்கள் படத்தைத் தாங்களே அளந்து பார்ப்பார்கள். பழைய ஸ்கேன் சிடியைத் தூக்கிப் போடாதீர்கள். எல்டிஎச், ஈரல், கிட்னி, தைராய்டு ரத்தப் பரிசோதனைகள் புதிதாக இருக்க வேண்டும்.

அதற்கடுத்தது பிளாக். வெட்டி எடுத்த சதையை மெழுகில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள், அதைத்தான் பிளாக் என்கிறார்கள். மரபணுப் பரிசோதனைக்கும் ட்ரையலுக்கும் இதிலிருந்துதான் சீவி எடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் கடிதம் கொடுத்து வாங்க வேண்டும். வாங்கும்போது பிளாக் எண்ணும் பயாப்சி ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே சரிபாருங்கள். வெயிலில் வண்டி டிக்கியில் வைக்காதீர்கள், மெழுகு அது. திருப்பிக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு தாள், நீங்களே தயார் செய்வது. பெயர், வயது, நோயின் முழுப் பெயர், ஸ்டேஜ், ஆபரேஷன் தேதி, எடுத்த ஒவ்வொரு மருந்தும் ஆரம்பித்த தேதியும் நிறுத்திய தேதியும், மற்ற நோய்கள், தினமும் போடும் மாத்திரைகள். அக்காவுக்கு அடித்துக் கொடுத்தது ஒரு பக்கம்தான். எந்த டாக்டரிடம் போனாலும் ஃபைலைப் புரட்டும் முன் அந்தத் தாளைத்தான் படித்தார்கள். பெயர் எழுத்துக்கூட்டல் எல்லாத் தாளிலும் ஆதாரில் உள்ள மாதிரியே இருக்கட்டும். ஒரு ரிப்போர்ட்டில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று இருந்தால், ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே ஒரு நாள் போகும்.

மரபணுப் பரிசோதனை

பிஆர்ஏஎஃப், கேஐடி, என்ஆர்ஏஎஸ். இந்த மூன்று மரபணுக்களின் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற தோல் மெலனோமாக்களில் பிஆர்ஏஎஃப் மாற்றம் அதிகம் இருக்கும், ஏக்ரல் வகையில் குறைவு. கேஐடி மாற்றம் மற்றவற்றைவிட ஏக்ரலிலும் உள்சவ்வு வகையிலும்தான் அதிகம் பார்க்கிறார்கள். பல ட்ரையல்கள் இதை வைத்துத்தான் ஆள் எடுக்கின்றன.

கேஐடி விஷயத்தில் இரண்டு ட்ரையல்களைச் சொல்கிறேன், இரண்டும் 2011-ல் வெளியானவை, இரண்டும் இமாட்டினிப் மாத்திரை பற்றியவை. அமெரிக்காவில் நடந்ததில் 295 பேரைப் பரிசோதித்து, கடைசியில் மருந்து கொடுத்தது 28 பேருக்கு. சல்லடை எவ்வளவு நெருக்கம் என்று இதிலிருந்து தெரியும். சீனாவில் நடந்ததில் கேஐடி மாற்றம் உள்ள 43 பேருக்குக் கொடுத்தார்கள், 10 பேருக்குக் கட்டி குறிப்பிடும்படி சுருங்கியது. நாலில் ஒருவருக்கும் கொஞ்சம் குறைவு. பெரிய எண் இல்லை. ஆனால் இமாட்டினிப் ரத்தப் புற்றுநோய்க்காக நம் நாட்டில் பல வருடமாகப் புழக்கத்தில் உள்ள மாத்திரை, ஜெனரிக் கிடைக்கிறது, இம்யூனோதெரபி ஊசியோடு ஒப்பிட்டால் விலை ரொம்பக் குறைவு.

அக்காவின் பிளாக்கை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியது ஒரு ட்ரையலில் சேர்க்கும் எண்ணத்தில்தான். அந்த ட்ரையல் அமையவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் கேஐடி மாற்றம் இருந்தது. அதைப் பார்த்து டாக்டர் இமாட்டினிப் எழுதினார். இப்போது அவள் மார்க்கெட்டுக்குப் போகிறாள், மருமகள் தட்டு முன்னால் நிற்க, இவள் ஸ்டூலில் உட்கார்ந்து விலை பேசுகிறாள். அடுத்த ஸ்கேன் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. பரிசோதனைக்குப் பணம் கட்டும்போது 'ட்ரையலே இல்லாவிட்டால் இது வீண்தானே' என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கே தேடுவது

இரண்டு இடம் போதும்.

முதலாவது சிடிஆர்ஐ, இந்தியாவின் கிளினிக்கல் ட்ரையல் பதிவேடு. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நடத்துவது, 2007-ல் தொடங்கியது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். 2018 ஏப்ரலிலிருந்து, முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். முகவரி: சிடிஆர்ஐ டாட் என்ஐசி டாட் இன். ஒவ்வொரு ட்ரையலுக்கும் சிடிஆர்ஐ என்று தொடங்கி வருடம், மாதம், பிறகு ஒரு எண் என்று பதிவெண் இருக்கும். 'எங்ககிட்ட ட்ரையல் நடக்குது, வாங்க' என்று யாராவது கூப்பிட்டால் முதலில் இந்தப் பதிவெண்ணைக் கேளுங்கள். தர மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

இரண்டாவது அமெரிக்க அரசின் கிளினிக்கல்ட்ரையல்ஸ் டாட் கவ். உலகம் முழுக்க நடப்பவை அதில் இருக்கும். என்சிடி என்று தொடங்கி எட்டு இலக்கம் வரும். இதில் பெயர் இருப்பதால் மட்டும் அமெரிக்க அரசு சரிபார்த்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு ஊசி போடும் ஆட்களும் அங்கே பதிவு செய்துவைத்திருப்பதுண்டு.

தேடும் சொல்லை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். எழுத்துக்கூட்டல் சந்தேகம் வந்தால் பயாப்சி ரிப்போர்ட்டில் உள்ளதைப் பார்த்து அப்படியே தட்டுங்கள். முதலில் 'ஏக்ரல் மெலனோமா' என்று தேடுங்கள். நாட்டில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது, அல்லது முடிந்துபோனவை வரும். அத்தோடு மூடிவிடாதீர்கள். அடுத்து வெறும் 'மெலனோமா', அடுத்து கேஐடி மாதிரி மரபணுவின் பெயர், அடுத்து 'அட்வான்ஸ்டு சாலிட் டியூமர்'. எந்த உறுப்பில் வந்த கட்டியானாலும் சேர்த்துக்கொள்ளும் ஆரம்பக்கட்ட ட்ரையல்கள் இந்தக் கடைசிப் பெயரில்தான் ஒளிந்திருக்கும்.

வந்த பட்டியலில் 'ரெக்ரூட்டிங்' என்று இருப்பவை மட்டும் இப்போது ஆள் எடுப்பவை. சிடிஆர்ஐயில் 'ஓபன் டு ரெக்ரூட்மென்ட்' என்று இருக்கும். கடைசியாகத் திருத்திய தேதியையும் பாருங்கள். இரண்டு வருடமாக யாரும் தொடாத பக்கத்தில் 'ஓபன்' என்று இருந்தால் நம்பிக் கிளம்ப வேண்டாம், விசாரித்துவிட்டுப் போகலாம். நடக்கும் ஊர்கள், பொறுப்பு டாக்டர், எத்திக்ஸ் கமிட்டி (நோயாளியின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் குழு) அனுமதி எல்லாம் கீழே இருக்கும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி என்ற இடத்தில் 'நாட் அப்ளிக்கபிள்' என்று இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை வைத்து ஆஸ்பத்திரியே நடத்தும் கல்வி ஆராய்ச்சியாக இருக்கலாம். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாமல் எதுவும் இருக்க முடியாது.

படிக்கும்போது தலைகீழாகப் படியுங்கள்

அரசு வேலை நோட்டிபிகேஷனில் சம்பளத்தை விட்டுவிட்டு வயது வரம்பை முதலில் பார்ப்போமே, அந்த மாதிரி, ட்ரையல் பக்கத்தில் 'எக்ஸ்க்ளூஷன்' என்ற பகுதியை முதலில் படியுங்கள். யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்ற பட்டியல் அது. மருந்து எப்படி வேலை செய்யும் என்ற பத்தியை இரவெல்லாம் படித்துக் கனவு கண்டுவிட்டு, காலையில் இந்தப் பகுதிக்கு வந்தால் மனசு உடையும்.

அடிக்கடி இடிக்கும் சில இடங்கள். தினமும் 10 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்கு மேல் ஸ்டீராய்டு எடுப்பவர்களை இம்யூனோதெரபி ட்ரையல்கள் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. மூட்டு வலிக்கும் வீசிங்குக்கும் எழுதித் தந்த மாத்திரையில் ஸ்டீராய்டு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது, சீட்டைக் காட்டிக் கேளுங்கள். டிபி இருந்தால், ஹெபடைட்டிஸ் இருந்தால், மூளைக்குப் பரவி வைத்தியம் பார்க்காமல் இருந்தால், சொரியாசிஸ், லூபஸ் மாதிரி உடம்பே உடம்பைத் தாக்கும் நோய் இருந்தால் சிக்கல். முன்பு எடுத்த மருந்து உடம்பைவிட்டுப் போக இடைவெளி கேட்பார்கள், நாலு வாரம் என்பது வழக்கமாகக் காணும் அளவு. 'ஈகாக்' என்று ஒரு மதிப்பெண் வரும். பூஜ்ஜியம் என்றால் எல்லா வேலையும் முன்போலச் செய்கிறவர், ஒன்று என்றால் கனமான வேலை மட்டும் முடியாதவர். பல ட்ரையல்கள் இந்த இரண்டு பேரையும்தான் எடுக்கும். 'நடக்கவே முடியலை டாக்டர்' என்று அனுதாபத்துக்காகக் கூட்டிச் சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அக்காவை வெளியே நிறுத்தியது 'மெஷரபிள் டிசீஸ்' என்ற நிபந்தனை. ஸ்கேனில் கட்டி குறைந்தது 10 மில்லிமீட்டர் இருந்தால்தான் அளக்கத் தக்கது என்று கணக்கு, நெறிக்கட்டி என்றால் குறுக்களவில் 15. அவள் நுரையீரலில் இருந்த புள்ளிகள் அதைவிடச் சின்னவை. ட்ரையல் வேலைகளை ஒருங்கிணைக்கும் கோ-ஆர்டினேட்டர் பெண் விளக்கியதும் அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னாடா இது, நோய் பத்தலன்னு திருப்பி அனுப்புறாங்க!" அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மருந்து கேட்டதா இல்லையா என்று அளந்து பார்க்க முடியாத கட்டியை வைத்து அவர்களும் என்ன செய்வார்கள்?

போன் பண்ணும்போது

பதிவேட்டில் இருக்கும் தொடர்புப் பெயருக்கு நீங்களே போன் செய்யலாம், மெயில் அனுப்பலாம். ஆனால் உங்கள் ஆன்காலஜிஸ்ட் ஒரு வரி எழுதித் தந்தால் வேகமாக நகரும். பேசும்போது கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லாதீர்கள். "ஏக்ரல் மெலனோமா, ஸ்டேஜ் இது, கேஐடி இருக்கிறது அல்லது இல்லை, இதுவரை எடுத்த மருந்து இது, பிளாக் கையில் இருக்கிறது. உங்கள் ட்ரையல் பதிவெண் இது. இன்னும் ஆள் எடுக்கிறீர்களா?" போதும். மீதியை அவர்களே கேட்பார்கள்.

சென்னையில் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, பக்கத்து ஊர்களில் வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் என்று கேட்டுப் பார்க்க இடங்கள் உண்டு. அடையாறுக்குப் போக எங்கள் பக்கத்தவர்களுக்கு இப்போது மெட்ரோ வசதி, தண்டையார்பேட்டையில் ஏறினால் மாறாமல் சின்னமலையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். மும்பை டாடா மெமோரியலுக்குப் போவதானால், ஆஸ்பத்திரியில் ரயில்வே படிவத்தில் சான்றிதழ் வாங்குங்கள். ஸ்லீப்பரிலும் தேர்ட் ஏசியிலும் கேன்சர் நோயாளிக்குக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம்.

கையெழுத்துக்கு முன்னால்

சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது 2019-ஆம் வருட புதிய மருந்துகள், கிளினிக்கல் ட்ரையல் விதிகளில் இருக்கிறது. படிக்கத் தெரியாதவர் என்றால் ட்ரையலோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். இதுவரை மனிதர்களுக்குப் புழக்கத்தில் இல்லாத புது மூலக்கூறு என்றால், எளிதில் நெருக்கடிக்கு ஆளாகக்கூடியவர்களிடம் சம்மதம் வாங்குவதை ஆடியோ-வீடியோ பதிவு செய்ய வேண்டும். கேமரா வைத்தால் மிரள வேண்டாம், அது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. கையெழுத்தான படிவத்தின் பிரதி உங்களிடம் தர வேண்டும். அன்றைக்கே கையெழுத்து போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டுப் போடலாம்.

படிவத்தில் நாமினி பெயர், ஆண்டு வருமானம் என்று கட்டங்கள் இருக்கும். இதைப் பார்த்தே பாதிப் பேர் எழுந்துவிடுகிறார்கள், 'சாகப் போறோம்னு முடிவு பண்ணிட்டாங்களா' என்று. ட்ரையலால் உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்கான கட்டம் அது, எல்லோருக்கும் பொது. வங்கிக் கணக்கு திறக்கும்போது எழுதுவதில்லையா? ட்ரையலால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச வைத்தியம் உண்டு, அது போக இழப்பீடும் உண்டு என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

கேட்க வேண்டியவை: எனக்குப் புது மருந்து உறுதியா, அல்லது குலுக்கல் முறையில் பழைய மருந்தும் கிடைக்கலாமா? குலுக்கலில் இரண்டாவது குழுவுக்கு என்ன கொடுப்பீர்கள்? பரவிய நோய்க்கு நடக்கும் ட்ரையல்களில் வெறும் டம்மி மருந்து மட்டும் கொடுப்பது அரிது, வழக்கமான வைத்தியத்தோடுதான் ஒப்பிடுவார்கள். ஆபரேஷன் முடிந்து நோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளில் டம்மியோடு ஒப்பிட்ட பெரிய ட்ரையல்களும் நடந்திருக்கின்றன, அதனால் கேட்டுவிடுங்கள். மருந்து இலவசம் சரி, ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் யார் பணம்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கழிப்பீர்களா? வழிச்செலவு தருவீர்களா? மறுபடி சதை எடுப்பீர்களா, எத்தனை தடவை? மருந்து பலன் தந்தால், ட்ரையல் முடிந்த பிறகும் தொடர்ந்து கிடைக்குமா? நடுவில் விலகினால் இதே ஆஸ்பத்திரியில் வைத்தியம் தொடருமா? விலகுவது உங்கள் உரிமை, காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து கொடுக்கப் பணம் கேட்டால் அது வேறு விஷயம். எத்திக்ஸ் கமிட்டியின் தொலைபேசி எண் படிவத்திலேயே இருக்கும், அங்கே கேளுங்கள்.

நாட்டு மருந்து, சித்த மருந்து, கஷாயம் எடுத்தால் மறைக்காதீர்கள். திட்டுவார்கள் என்று மறைத்துவிட்டு, ஈரல் ரிப்போர்ட் எகிறும்போது புது மருந்தால்தான் என்று அவர்கள் எழுதினால், அந்தக் கணக்கு அடுத்து வரும் நோயாளிகள் எல்லோரையும் பாதிக்கும்.

வெளிநாட்டுச் செய்திகளைப் படிக்கும் விதம்

'சீனாவில் 64 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது' என்று ஒரு செய்தி கண்ணில் படலாம். உண்மைதான், 2023-ல் வெளியானது. கேம்ரெலிசுமாப், அபாட்டினிப், டெமோசோலமைட் மூன்றையும் சேர்த்து ஏக்ரல் மெலனோமாவுக்கு முதல் மருந்தாகக் கொடுத்தார்கள். எத்தனை பேருக்கு? 50 பேருக்கு. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது, எல்லோருக்கும் அதே மருந்து. அதுவும் இரண்டாம் கட்ட ட்ரையல்தான், கடைசிக் கட்டம் இல்லை. நம்பிக்கை தருவது, முடிவானது இல்லை. செய்தியைப் பார்த்ததும் எத்தனை பேர், எதனோடு ஒப்பிட்டார்கள், முதல் மருந்தாகக் கொடுத்தார்களா கடைசியாகவா என்று மூன்றையும் தேடிவிட்டு, அதைப் பிரின்ட் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். போனை நீட்டினால் அவர்களால் படிக்க முடியாது.

இன்னொன்று, நமக்கு உதவும் ஆராய்ச்சி எல்லாம் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. டாடா மெமோரியலில் தலை-கழுத்துப் புற்றுநோய்க்கு நிவோலுமாப் ஊசியை வழக்கமான அளவில் ஒரு சின்னப் பங்காக, 20 மில்லிகிராம் மட்டும், மூன்று வாரத்துக்கு ஒரு முறை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 ஆனார்கள். அது மெலனோமாவுக்கு இல்லை, அதே அளவு இங்கே வேலை செய்யும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் நம் காசுக்கு ஏற்ற கேள்வியை நம் ஊர் டாக்டர்களே ட்ரையலாக நடத்துகிறார்கள் என்பதால், சிடிஆர்ஐயை மாதம் ஒரு தடவையாவது திறந்து பார்க்கிறேன்.

இந்தியாவில் அனுமதி இல்லாத மருந்தை டாக்டர் சீட்டோடு சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்ய அனுமதி வாங்கும் வழியும் இருக்கிறது, படிவம் 12ஏ-யில் விண்ணப்பம், 12பி-யில் அனுமதி. மருந்தின் விலை உங்கள் தலையில்தான். அதை விசாரித்துவிட்டே விண்ணப்பத்தில் கை வையுங்கள்.

சேர்ந்துவிட்டால்

அக்கா சேராததால் இது எங்கள் வீட்டு அனுபவம் இல்லை. டோல்கேட் பக்கமிருந்து பெரியவர் ஒருவர் கடைக்கு வருவார், வேறொரு புற்றுநோய் ட்ரையலில் இருப்பவர். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. மாத்திரை போட்ட நேரம், வந்த தொந்தரவு எல்லாவற்றையும் அன்றன்றைக்கே டைரியில் எழுத வேண்டும், போகிற நாள் காலையில் மொத்தமாக உட்கார்ந்து நிரப்பினால் பேனா மையிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்களாம். காலி ஸ்ட்ரிப்பையும் மிச்ச மாத்திரையையும் குப்பையில் போடக் கூடாது, எண்ணித் திருப்பித் தர வேண்டும். ட்ரையல் அட்டை பர்ஸில் இருக்க வேண்டும், வேறு ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக நேர்ந்தால் அதைக் காட்ட. பல் பிடுங்குவதானாலும் முதலில் போன். இம்யூனோதெரபியில் இருப்பவர்கள் வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், உடம்பு மஞ்சளாவது எதையும் சாதாரணமாக எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்கக் கூடாது, ராத்திரி ஆனாலும் கோ-ஆர்டினேட்டருக்குக் கூப்பிட வேண்டும். பெரியவர் அந்த எண்ணைத் தன் போனிலும் மனைவி போனிலும் மருமகன் போனிலும் போட்டுவைத்திருக்கிறார். போன் சார்ஜ் போனால் என்ன செய்வது என்று என்னிடம் லேமினேஷன் போட்டு வாங்கிப்போய் பிரிட்ஜ் கதவிலும் ஒட்டியிருக்கிறார்.